பக்கம் மாறிய மச்சம்

அந்தத் தெருவில் மாஸ்டர் என்று சொன்னால் எவருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் நினைவுக்கு வரமாட்டார். முடி வெட்டுகிற மாஸ்டர்தான் வருவார். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. இரண்டாவது நாற்காலி பெயருக்குத்தான். காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டுவார்கள், இல்லையென்றால் நாற்காலியோடு சும்மா சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்டருக்கு வாய் ஓயாது. கத்திரி ஓட ஓட வாயும் ஓடும். யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடையில் எடை குறைவு, யாருடைய மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் இத்தனை பேச்சையும் அவர் ஒருவரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே சுவரில் இருக்கும் கண்ணாடியில் தெரியும் முகத்தோடுதான் பேச வேண்டும். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். வாடிக்கையாளர் தெருவில் எதிரே வந்து சிரித்தால் மாஸ்டர் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் கடந்து போனதும் பின்மண்டையைப் பார்த்துவிட்டு, "அடடே, நம்ம மீட்டர்காரர்!" என்று கூப்பிடுவார். மீட்டர்காரர் என்பது வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். மாஸ்டரின் எதிர்வீடு. எதிர்வீட்டுக்காரரையே இப்படி என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டாம்.

மாஸ்டருக்குக் குழந்தை இல்லை. ஆரம்பத்தில் கணவனும் மனைவியும் அதற்காக நிறைய வருத்தப்பட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே காலத்தை ஓட்டப் பழகிவிட்டார்கள். மனைவிக்கு முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்ளும் வேலை. காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். மாஸ்டர் அவளை "நர்சம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். பதிலுக்கு அவள், "சொல்லுங்க டாக்டர், இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?" என்பாள்.

வேலைக்கு வசதி என்று அவள் தலைமுடியைத் தோள் அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். கடைக்கு விடுமுறை விடும் நாளில், மாதம் ஒரு தடவை, மாஸ்டர் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் முதல் நாற்காலியில் உட்கார வைத்து நுனி வெட்டிவிடுவார். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அவள் மனதில் இருப்பதையெல்லாம் அங்கேதான் கொட்டுவாள். குழாய் ஒழுகுவது, அவளுடைய அண்ணன் பேசாமல் இருப்பது, முதுகுவலி, ஒருநாள் கடல் பார்க்கப் போக வேண்டும் என்ற ஆசை. கண்ணாடியில் இருக்கும் மாஸ்டரைப் பார்த்துச் சொல்வாள். மாஸ்டரும் கண்ணாடியில் இருக்கும் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தால் இவர் டீவி பக்கம் திரும்பிக்கொள்வார், அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தக் கல்யாண வாழ்க்கையின் முக்கியமான பேச்சுவார்த்தை முழுவதும் அந்தச் சலூன் கண்ணாடிக்குள்தான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் நோய் வந்தது. எல்லா ஊரையும் போல அந்த ஊரையும் பூட்டினார்கள்.

மனைவி அப்போது கவனித்துக்கொண்டிருந்தது ஒரு வயதான அம்மாளை. பெரியம்மா என்று கூப்பிடுவாள். மூன்று தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி. பெரியம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். வேறு ஊரில் வங்கி வேலையில் இருந்த அவருடைய மகள் போனில் கெஞ்சினாள்: வீட்டுக்குப் போய்ப் போய் வந்தால் அம்மாவுக்கு ஆபத்து, கொஞ்ச நாள் அம்மாவோடேயே தங்கிவிட முடியுமா? மனைவி ஒரு பையில் நான்கு புடவையைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பதினைந்து நாள் பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததால் "ம்" கொட்டினார், அவ்வளவுதான். பதினைந்து நாள் ஒரு மாதமானது, ஒரு மாதம் மூன்று மாதமானது. பின்னாளில் அந்த "ம்" அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சலூனும் மூடிக் கிடந்தது. தலையைத் தொடாமல் மாஸ்டருக்குக் கை பரபரத்தது. முதலில் வீட்டில் இருந்த கத்திரி, சீப்பு, சவரக்கத்தி எல்லாவற்றையும் துடைத்துத் தீட்டினார். பிறகு ஒழுகுகிற குழாயைச் சரி செய்கிறேன் என்று ஒழுகாத குழாயையும் ஒழுக வைத்தார். ரொட்டி சுடப் போய், அதைச் சுவரில் ஆணி அடிக்கப் பயன்படுத்தலாம் என்கிற பதத்தில் எடுத்தார். பால்கனித் தொட்டியில் இருந்த செடியை அழகுபடுத்துகிறேன் என்று ஓரம் வெட்டி, நடு வெட்டி, கடைசியில் அதை மொட்டையே அடித்துவிட்டார்.

ஒருநாள் அலமாரியில் துண்டு தேடும்போது மனைவியின் தையல் கூடை கையில் அகப்பட்டது. வட்டச் சட்டத்தில் இறுக்கி மாட்டிய தலையணை உறை ஒன்று, அதில் பாதி தைத்த பூக்கள். இரண்டு பூ முடிந்திருந்தது, மூன்றாவதற்கு ஒரு இதழ்தான் வந்திருந்தது. நூல் தீர்ந்த ஊசி அப்படியே குத்தி நின்றது. அவள் நேற்றுத்தான் எழுந்து போனாள் போல இருந்தது. மாஸ்டர் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். உடனே போன் போட்டார்.

மனைவியிடம் இருந்தது பட்டன் போன். படம் அனுப்பவோ முகம் பார்க்கவோ முடியாது, குரல் மட்டும்தான்.

"இந்தப் பூவை நான் முடிக்கட்டுமா?"

"எந்தப் பூவை? ஐயோ, அதைத் தொடாதீங்க. செடிக்கு மொட்டை போட்டது பத்தாதா?"

"அதை யார் உனக்குச் சொன்னது?"

"மீட்டர்காரர் வீட்டம்மா சொன்னாங்க. ஊரே சிரிக்குதாம்." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "சரி, ஊசியில நூல் கோத்துட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

கோக்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் அவள் சொல்லச் சொல்ல இவர் குத்தினார். துணிக்கு அடியிலிருந்து ஊசியை மேலே கொண்டு வரணும், கொஞ்சம் தள்ளிக் குத்தணும், பாதி வழி திரும்பி வரணும்.

"போறது, பாதியில திரும்பி வர்றது, மறுபடி போறது. இது தையலா, இல்ல கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்க தெருவுக்கு வந்த கதையா?"

"நீங்க எங்க வந்தீங்க? உங்க அம்மா தள்ளிவிட்டு வந்தீங்க. பேசாம குத்துங்க."

இப்படித்தான் தினமும் சாயங்காலம் அவர்களுக்குப் பொழுது போயிற்று. மாஸ்டருக்குக் கை சுத்தம். அந்த மூன்றாவது பூ முடிவதற்குள் அவருக்குத் தையல் பிடிபட்டுவிட்டது. ஆனால் பூவில் அவருக்கு ருசி இல்லை. "பூவுக்கு முடி இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். கடையில் ஆளுக்குப் போர்த்துவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதிய துணி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டினார், கறுப்பு நூலும் சாம்பல் நூலும் எடுத்துக்கொண்டார், தனக்கு நன்றாகத் தெரிந்ததைத் தைக்கத் தொடங்கினார். தலைகளைத்தான். அதுவும் பின்மண்டைகளை.

மருந்துக்கடைக்காரரின் பிடரியில் இறங்கும் வால்முடி, சைக்கிள் கடைக்காரருக்குக் காதுக்குப் பின்னால் எப்போதும் விறைத்து நிற்கும் கற்றை, மீட்டர்காரரின் இரட்டைச் சுழி, அதற்கு நடுவில் நாணயம் அளவு வழுக்கை. ஒவ்வொரு முடியாக இழுத்து இழுத்துத் தைத்தார். முடிந்ததும் துவைத்துப் பால்கனிக் கொடியில் காயப் போட்டார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"யோவ் மாஸ்டர்! அது என் தலைதானே?"

"உன் பின்மண்டையை நீ எங்கய்யா பார்த்த?"

"என் வீட்டுக்காரி சொல்றா. வழுக்கையைக் கொஞ்சம் சின்னதா போடக் கூடாதா?"

தெருவில் அன்று நெடுநாளைக்குப் பிறகு எல்லா ஜன்னலிலும் சிரிப்பு கேட்டது. மாஸ்டரும் சிரித்தார். ஆனால் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தால், அந்தச் சிரிப்பைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாத வீடு. கட்டிலின் ஒரு பாதியில் அவள் போர்வை மடித்தது மடித்தபடி கிடந்தது. அதை அவர் எடுத்து வைக்கவில்லை.

சில நாட்களில் அவளுக்கு வேண்டிய துணிமணி, மாத்திரை என்று ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போவார். காவலாளி கேட்டுக்கு உள்ளே விடமாட்டார். பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எதிர் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். நான்காவது மாடி ஜன்னலில் மனைவி வந்து நிற்பாள். முகத்தில் மாஸ்க். அந்த உயரத்தில் அவள் தலை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். இருவரும் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

"இளைச்சுட்டீங்க."

"அங்கேருந்து எப்படித் தெரியுது?"

"சட்டை தொளதொளன்னு ஆடுதே."

"உன்னை எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்பார் மாஸ்டர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கேலி இருக்காது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். "பெரியம்மாவோட மக போன் பண்ணாங்க. வண்டியெல்லாம் ஓட ஆரம்பிச்சதும் அம்மாவைத் தன் ஊருக்கே கூட்டிட்டுப் போகப் போறாங்களாம். கூட என்னையும் வரச் சொல்றாங்க. ஒரு வருஷமாவது இருக்கணுமாம்."

மாஸ்டர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். போகாதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை. ஆனால் வாய் பழக்கப்பட்ட வாய். "போயிட்டு வாயேன். எனக்கென்ன, வீடு விசாலமா இருக்கு. கட்டில்ல குறுக்கால படுத்துக்கலாம்."

ஜன்னலில் இருந்த தலை அசையவில்லை. பிறகு, "அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் தன் நாக்கைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டார். அவள் "சொல்லுங்க" என்றதும், "தலையணை உறையில இலைக்கு வெளிர்பச்சை போடறதா, அடர்பச்சை போடறதா?" என்று கேட்டார். மறுநாளும் அதே முடிவோடு கூப்பிட்டார், நீல நூல் தீர்ந்துவிட்டதைச் சொன்னார். எத்தனையோ பேர் குடும்பத்துக்கு யோசனை சொன்னவர், தன் மனைவியிடம் போகாதே என்று சொல்ல முடியாமல் நூல் கண்டு கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். பார்க்கிற நமக்கே எரிச்சலாக இருக்கிறது.

வாயால் ஆகாததைக் கையால் செய்துவிடுவது என்று கடைசியில் தீர்மானித்தார். அவள் முகத்தைத் தைத்து அனுப்புவது. அதைப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும், வேறு விளக்கம் தேவையில்லை. கல்யாணப் போட்டோ சுவரில் தொங்கியது, ஆனால் அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்டுடியோக்காரர் அதில் அவள் கன்னத்து மச்சத்தை அழித்து, முகத்துக்கு மாவு பூசின மாதிரி ஆக்கி வைத்திருந்தார். தவிரவும், தெரியாத முகமா இது? கண்ணை மூடினால் வந்து நிற்கிற முகம்.

பல நாள் தைத்தார். வகிடு எடுத்து, தோளில் விழும் முடியை இழை இழையாக இறக்கினார். சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மேலேறும் புருவம். கொஞ்சம் தூக்கிய முகவாய். கடைசியாகக் கன்னத்து மச்சத்துக்கு நூலை ஊசியில் சுற்றி ஒரு சின்ன முடிச்சாகப் போட்டார். போட்டு முடித்துச் சட்டத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே மாத்திரைப் பையோடு சேர்த்து அனுப்பினார்.

சாயங்காலம் போன் வந்தது. எடுத்ததுமே அவள் குரல் தழுதழுத்தது. "எப்படிங்க இப்படி? அச்சு அசல் நானேதான். கண்ணாடி பாக்கற மாதிரியே இருக்கு."

மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று அவர் மூச்சை இழுத்தார். அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"ஆனா பெரியம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இது நான் இல்லையாம். வகிடு பக்கம் மாறியிருக்காம். மச்சமும் பக்கம் மாறியிருக்காம்."

"அவங்களுக்குக் கண்ணு மங்கியிருக்கும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அடி போடி, தொட்டுப் பாரு'ன்னாங்க. தொட்டுப் பாத்தேங்க. எனக்கு மச்சம் இடது கன்னத்துல. நீங்க தைச்சதுல அது வலது கன்னத்துல இருக்கு."

"எத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்களும் என்னைக் கண்ணாடியில பாத்துத்தான் பழகியிருக்கீங்க. நானும் என்னைக் கண்ணாடியில பாத்துத்தான் பழகியிருக்கேன். அதான் ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியல." அவள் சிரிக்க முயன்றாள். "மருந்து கொடுக்கும்போது, தலை வாரிவிடும்போது, பெரியம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பாங்க. என்னை நேரா பாக்கற ஆளு அவங்க ஒருத்தர்தான் போல."

சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. சண்டைக்குச் சொல்லியிருந்தால் மாஸ்டர் ஏதாவது எடுத்துவிட்டுச் சமாளித்திருப்பார். அவள் சும்மா, தோன்றியதைச் சொன்னாள். "அதைத் திருப்பி அனுப்பு, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்று மட்டும் முணுமுணுத்தார். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு மாஸ்டர் முகம் கழுவும் தொட்டிக்கு மேல் இருந்த கண்ணாடி முன் நின்றார். வலது காதைப் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டு இடது காதைப் பிடித்தார். கண்ணாடி ஆளைப் பக்கம் மாற்றிக் காட்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், நாள் முழுக்கக் கண்ணாடியோடு குடித்தனம் நடத்தும் அவருக்குத் தெரியாதா? கிருதா வெட்டும்போது கை தானாகச் சரியான பக்கம் போகும். கை அறிந்ததை மனம் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொரு துணி எடுத்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாக மாற்றித் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். வகிட்டை இந்தப் பக்கம் எடுத்தார், மச்சத்துக்கு அந்தப் பக்கம் புள்ளி வைத்தார். புருவத்துக்கு வந்தபோது ஊசி நின்றுவிட்டது. பக்கம் மாற்றினதும் அது அவள் முகமாக இல்லை, யாரோ ஒரு பெண் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணை மூடிப் பார்த்தார். எப்போதும் வருகிற முகம்தான் வந்தது, கண்ணாடிக்குள்ளிருந்த முகம். நேராக இருக்கும் அவள் முகம் எத்தனை முயன்றும் வரவில்லை. அது அவரிடம் இல்லவே இல்லை. இத்தனை நாளும் அவள் இல்லையே என்று ஏங்கியவர், ஒரே வீட்டில் இருந்தும் பார்க்காமல் விட்ட முகத்துக்காக இப்போது ஏங்கத் தொடங்கினார். அந்த ஏக்கம் முன்னதைவிடப் பொல்லாதது. அந்தத் துணியைப் பாதியில் மடித்து வைத்தார். அதற்கப்புறம் எதையும் தைக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே மட்டும் அடிக்கடி போய் நின்றார். பை கொடுக்க வேண்டிய நாளில் போனார், கொடுக்க ஒன்றும் இல்லாத நாளிலும் போனார். காவலாளிகூட, "இன்னிக்குப் பை இல்லையா மாஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் அதே நகம் அளவு தலை, அதில் பாதிக்கு மாஸ்க். எந்தக் கன்னம் என்ன கன்னம், ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக ஊர் அவிழ்ந்தது. வண்டிகள் ஓடத் தொடங்கின. சலூன் திறக்க மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. ஒருநாள் மனைவி போன் செய்தாள். "பெரியம்மாவுக்கு முடி சடை சடையா வளந்து கண்ணுல விழுது. பயணத்துக்கு முன்னாடி வெட்டிவிடணும்னு அவங்க மக சொல்றாங்க. வேற ஆளை உள்ளே விடப் பயமா இருக்காம். நீங்க டெஸ்ட் எடுத்துட்டு வருவீங்களான்னு கேட்டாங்க."

மாஸ்டர் டெஸ்ட் எடுத்தார். முடிவு வந்த அன்றே இரண்டு தடவை குளித்து, துவைத்த சட்டை போட்டு, புது மாஸ்க் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பதற்றப்பட்டதில்லை. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டதும் லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் படியேறினார். நான்காவது மாடிக்குப் போனபோது மூச்சு இரைத்தது. கதவைத் திறந்தவள் மனைவிதான். இருவரும் மாஸ்க்கோடு நின்றார்கள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க" என்று அவள் சோப்பைக் காட்டினாள்.

பெரியம்மா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம், கூர்மையான கண். மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மச்சத்தை இடம் மாத்தின ஆளு நீதானா தம்பி?" என்றார். மாஸ்டர் அசடு வழிந்தார். துண்டைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, பஞ்சு போன்ற அந்த முடியைப் பக்குவமாக வெட்டினார். அவருடைய வாய் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மனைவி தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டே அதைக் கவனித்தாள்.

முடிந்ததும் பெரியம்மா, "இவளுக்கும் வெட்டிவிடு. காட்டுல இருந்து வந்தவ மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஒரு மர நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு மனைவி உட்கார்ந்தாள். மாஸ்டர் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் நின்று, சீப்பை எடுத்து, வழக்கம்போலத் தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தார். எதிரே வெறும் சுவர். அந்த அறையில் கண்ணாடி இல்லை. குளியலறையில் ஒன்று இருந்தது, சுவரோடு சேர்த்துப் பதித்தது. மாஸ்டரின் கண் போவதற்கு இடம் இல்லாமல் தத்தளித்தது. வகிடு எடுத்துப் பின்பக்கம் வெட்டினார். பக்கவாட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முன்னால்தான் போக வேண்டும்.

போனார். அவள் எதிரே குனிந்து நின்றார்.

"மாஸ்க் நாடா காதுல தடுக்குது" என்றார். அவள் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. வாயோரம் புதிதாக ஒரு கோடு. இரண்டு கண்ணும் அவரையே பார்த்தன, இடையில் எதுவும் இல்லாமல். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக அவளைப் பார்ப்பவர்போல அவர் பார்த்தார். உண்மையும் அதுதான்.

"என்ன, வாய் அடைச்சுப் போச்சா?" என்றாள்.

"போகாதேம்மா."

வந்தேவிட்டது. கேலி இல்லை, கிண்டல் இல்லை. அவருக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

அவள் கண் நிறைந்தது. "நேத்துதான் பெரியம்மா மககிட்ட வர்றேன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை வண்டி வருது."

மாஸ்டர் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"எத்தனை தடவை போன் பண்ணீங்க. பச்சை நூலு, நீல நூலு. ஒவ்வொரு தடவையும் இப்ப சொல்லிடுவீங்க, இப்ப சொல்லிடுவீங்கன்னு காதை வச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே முடியாதுன்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். சொல்லத் தெரியல."

"தெரியும்" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப போய் மாட்டேன்னு சொல்ல முடியாதுங்க. பெரியம்மா நம்பிட்டாங்க. ராத்திரி மூச்சு முட்டினா என் கையைத்தான் தேடறாங்க. அங்க வேற ஆளு கிடைச்சுப் பழகற வரைக்கும் இருந்துட்டு வந்துடறேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலைங்க."

கோபித்துக்கொள்ளலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு என்ன இருந்தது? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா" என்றார். மறுபடியும் கத்திரியை எடுத்தார். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். சீவிப் பார்த்தார், முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தார். நெற்றியில் ஒட்டிய துணுக்கு முடியை ஊதினார். அவள் கண்ணை மூடி மறுபடி திறந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் பெரியம்மா இருமினார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

வெட்டுவதற்கு ஒரு முடி பாக்கி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் எப்போதோ வந்துவிட்டது. மாஸ்டர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வெறும் காற்றில் கத்திரியைத் திறந்து மூடினார்.

"இன்னும் இல்ல" என்றார். "அசையாம இரு."

அவளுக்கும் தெரியும். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.